குண்டூசியும் பள்ளிக்கூடமும்

பொருளியலின் தந்தையென உலகம் போற்றும் அடம் சிமித் என்னும் பேரறிஞரின் பெயரை அறியாத மாணவர் அரியர். அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தே குண்டூசித் தொழிற்சாலையும் உடன் நினைவுக்கு வரும். யானும் தொழில் என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதுவிக்கும்போதெல்லாம் அந்தக் குண்டூசியையே எடுத்துக்காட்டி வந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, ஆயுள் முழுவதும் ஊசிக்கு முனை தீட்டிக்கொண்டே இருக்கும் அம்மனிதன் ஈற்றில் என்ன ஆவான் என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவே அப்பெரியாரின் வரலாற்றையும் நூலையும் முற்றாகப் பயிலுமாறு என்னைத் தூண்டியது.

அவர் ஸ்கொத்லாந்திலே கேர்க்கோடி என்னும் கடற்கரைப் பட்டினத்தில் 1723ஆம் ஆண்டு பிறந்தார். சுங்க அலுவலரான தந்தையார் மகவின் முகங் காணுமுன்னரே மறைந்தார். தாயாரே அவருக்கு இருமுதுகுரவருமாய் நின்று வளர்த்தார். பதினான்கு வயதிற் கிளாஸ்கோ சர்வகலாசாலையை அடைந்து, ஹச்சிசன் என்னும் நல்லாசிரியரிடம் ஒழுக்கநூல் பயின்றார். பின்னர் 1740 முதல் 1746 வரை ஒக்ஸ்போட்டிலே தங்கினார். அங்கே சம்பளம் பெற்ற பேராசிரியர் பலர் கற்பிப்பதாகப் பாவனை செய்வதையும் கைவிட்டிருந்தனர். இதை அவர் ஒருபோதும் மறந்திலர்.

1751இல் அவரே கிளாஸ்கோவிற் பேராசிரியரானார். 1759இல் அவரது முதல் நூல் வெளிவந்தது. பிறர்நிலையில் நம்மை வைத்து அவர் இன்பதுன்பங்களை உணரும் இயல்பே ஒழுக்கத்துக்கு அடிப்படை என்பது அந்நூலின் சாரம். பொருளியலின் தந்தை முதலில் ஒழுக்கநூலாசிரியராய் விளங்கினார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1764இற் பதவியைத் துறந்து, இளங்கோமகன் ஒருவருக்கு ஆசானாகப் பிரான்ஸ் தேசம் சென்றார். மீண்டபின் தாயாருடன் சொந்த ஊரில் அமர்ந்து நெடுங்காலம் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக, நாடுகளின் செல்வம் பற்றிய பெருநூல் 1776இல் வெளியாயிற்று.

அந்நூலின் முதல் அதிகாரமே குண்டூசியைப் பற்றியது. கம்பியை இழுத்தல், நேராக்கல், வெட்டல், முனை தீட்டல், தலை பொருத்தல் என ஊசி செய்யும் வேலை ஏறக்குறைய 18 கூறாகப் பகுக்கப்பட்டிருந்தது. பத்துப்பேர் மாத்திரம் வேலைசெய்த சிறு சாலையொன்றை அவர் நேரிற் கண்டார். அப்பத்துப்பேரும் ஒருநாளில் 48,000 ஊசிகள் வரை செய்ய வல்லவராயினர். பயிற்சியற்ற ஒருவன் தனித்திருந்து முயன்றால் நாளொன்றுக்கு 20 ஊசிதானும் செய்யமாட்டான். ஒரே வேலையைச் செய்தலாற் கைத்திறன் மிகுகிறது. வேலைக்கு வேலை மாறுவதால் ஏற்படும் காலவிரயம் நீங்குகிறது. கருவிகளும் புதியனவாய்த் தோன்றுகின்றன. தொழிற்பிரிவினையின் நன்மை இவையென அவர் வகுத்துரைத்தார்.

பரீட்சைக்கு வேண்டியது இவ்வளவே. யானும் இவ்விடத்திலேயே நூலை மூடியிருந்தேன்.

அடுத்த அதிகாரத்தில் அவர் வேறொன்று கூறுகிறார். தத்துவஞானிக்கும் தெருவிற் சுமை தூக்குவோனுக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் பிறவியால் வந்ததன்று; பழக்கத்தாலும் கல்வியாலும் வந்ததே. ஏழெட்டு வயது வரையில் அவ்விருவரிடத்தும் பெற்றோர்தாமும் வேற்றுமை கண்டிருக்கமாட்டார். தொழில் பிரிந்தமையால் அறிவு பிரிந்ததேயன்றி, அறிவு பிரிந்தமையால் தொழில் பிரியவில்லை என்பதே அவர் கருத்து.

ஐந்தாம் பகுதியிலேதான் மாணவனின் வினாவுக்கு விடை கிடைத்தது. இரண்டொரு சிறு செயல்களிலேயே வாழ்நாளைக் கழிப்பவனுக்குத் தன் அறிவைச் செலுத்திப் பார்க்க இடமே வாய்ப்பதில்லை. ஆகவே அது மழுங்கிப் போகிறது. நல்லுரையாடலிற் கலந்துகொள்ளவும், உயர்ந்த உணர்ச்சி கொள்ளவும், தன் குடும்பக் கடமைகளையேனும் ஆராய்ந்து துணியவும் அவன் திறனிழக்கிறான். நாட்டின் பெருநலங்களைப்பற்றி அவனால் நினைக்கவும் இயலாது. உடலின் உரமும் குன்றுகிறது. கைத்திறன் ஒன்றே வளர, மற்றையவெல்லாம் அதற்கு விலையாகின்றன. அரசு முயன்று தடுத்தாலன்றி உழைக்கும் மக்களிற் பெரும்பாலார் இந்நிலைக்கே தள்ளப்படுவர் என்று அவர் எச்சரித்தார். தொழிற்பிரிவினையைப் புகழ்ந்த கையே இதனையும் எழுதியது.

இந்நோய்க்கு அவர் கண்ட மருந்து பள்ளிக்கூடம். பேர்மிங்காம் நகரிலே ஆறேழு வயதுச் சிறுவர் சில பென்ஸ் கூலிக்காக வேலைக்கு அனுப்பப்பட்டுக் கல்வியிழப்பதைத் தம் மாணவர்க்கு முன்னரே அவர் எடுத்துரைத்திருந்தார். ஊர்தோறும் சிறு பள்ளி வேண்டும், எளிய கூலியாளனும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் பயிற்றப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்கொத்லாந்தில் 1696ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த ஊர்ப்பள்ளிகளை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். ஆசிரியரின் ஊதியம் முழுவதையும் அரசே கொடுத்துவிடலாகாது, கொடுத்தால் அவர் கடமையை மறப்பார் என்றும் எழுதினார். ஒக்ஸ்போட் அனுபவம் அவ்வாறு எழுதச் செய்தது போலும். சிறிதளவு இலத்தீனுக்குப் பதிலாகக் கேத்திரகணிதமும் பொறிநூலும் கற்பிக்கலாம் என்றும் கூறினார். மாதச் சம்பளம் பெறும் பண்டிதனாகிய எனக்கு இவ்விரண்டும் கசந்தன. எனினும் கசப்பில் உண்மை இல்லையென்று சொல்ல என் நெஞ்சு துணியவில்லை.

நோயின் பெருமை நோக்க மருந்து சிறிதென்றே எனக்குத் தோன்றுகிறது. இளமையிற் சில ஆண்டு பெற்ற கல்வி, பின்னர் நாற்பது ஆண்டு முனை தீட்டுபவனை முற்றும் காக்குமோ? ஆயினும் அச்சிறு மருந்தையும் அவர் நாட்டார் விரைந்து கொண்டிலர். அவர் 1790இல் எடின்பரோ நகரிற் காலமானார். இங்கிலாந்திலே தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்ததோ 1870இல். இடையில் எண்பது ஆண்டுகள். அக்காலத்தில் ஆலைகளுக்குட் சென்ற சிறுவர் எத்தனை பேர்!

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை அழைத்து, அவன் வினாவை அடம் சிமித்தும் வினவியிருந்தார் என்று கூறினேன். அப்பெரியாரின் நூலிலிருந்தும் ஒரு கூற்றை மாத்திரம் வெட்டியெடுத்து, அதனையே ஆண்டுதோறும் தீட்டிக்கொண்டிருந்தவன் யானே என்பதையும் ஒளியாது சொன்னேன்.