மகாத்மா ஜோதிராவ் பூலே கேட்ட கட்டாயக் கல்வி

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், எந்தப் பெரியாரின் வரலாற்றை இம்மலருக்கு எழுதுவது என்று எண்ணியபோது, மராட்டிய மண்ணில் பிறந்த மகாத்மா ஜோதிராவ் பூலே அவர்களின் நினைவே முன்வந்து நின்றது. அண்ணல் அம்பேத்கர், புத்தரையும் கபீரையும் போற்றியது போலவே பூலேயையும் தம் ஆசானாகப் போற்றினார். சூத்திரர் யார் என ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட நூலை அவருடைய நினைவுக்கே காணிக்கையாக்கினார். பெண்களுக்கும் தீண்டப்படாதார் எனப்பட்டோருக்கும் பள்ளி திறந்தவர் என்ற அளவில் பூலேயை நம் இளைஞர்கள் அறிவர். பள்ளியைத் திறந்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடமாட்டார்கள் என்பதைப் பட்டறிவால் உணர்ந்து, அதற்கு வழியும் எழுதிவைத்தவர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே. அதைப் பற்றியே இங்குச் சற்று விரிவாகக் கூற விழைகின்றோம்.

ஜோதிராவ் 1827இல் புனே நகரில், பூத்தோட்டமும் காய்கறித் தோட்டமும் வைத்துப் பிழைக்கும் மாலி வகுப்பில் பிறந்தார். தந்தை கோவிந்தராவ். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். சிறிது காலம் திண்ணைப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார். தோட்டக்காரன் மகனுக்குப் படிப்பு எதற்கு, படித்தால் தொழிலுக்கு உதவமாட்டான் என்று மேற்குலத்தார் ஒருவர் கூறிய சொல்லைக் கேட்டுத் தந்தை மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். மகன் கையில் மண்வெட்டி ஏறியது. பதின்மூன்றாம் வயதில் திருமணமும் நடந்தேறியது. மணமகள் சாவித்திரிபாய்க்கு அப்போது வயது ஒன்பது. கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளின் கதை இத்துடன் முடிந்துதான் போயிற்று. அண்டை வீட்டாரான காஃபர் பேக் முன்ஷி என்ற இசுலாமியப் பெரியவரும் லிஜிட் என்ற ஆங்கிலேயரும் பையனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, தந்தையிடம் எடுத்துச் சொல்லி, மீண்டும் பள்ளிக்கு அனுப்பச் செய்தனர். 1841இல் ஸ்காட்லாந்து சமயத் தொண்டர் நடத்திய பள்ளியில் சேர்ந்த ஜோதிராவ், 1847இல் தம் ஆங்கிலக் கல்வியை முடித்தார். பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை ஒருவரே பின்னாளில் கட்டாயக் கல்வி கேட்டார் என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்வார்களாக.

1848இல் பார்ப்பன நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் உடன் நடந்து சென்றதற்காக அவர் இழிவுபடுத்தப்பட்டார். அதே ஆண்டில் அகமத் நகரில் கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பெண்கள் பள்ளியைக் கண்டு திரும்பி, புனேயின் பிடேவாடா என்னும் கட்டடத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். மனைவிக்குத் தாமே கற்பித்து அவரை ஆசிரியையாக்கினார். சாவித்திரிபாய் பள்ளிக்கு நடந்து செல்கையில் தெருவிலுள்ளோர் சேற்றையும் சாணத்தையும் வீசினர். அதனால் மாற்றிக் கட்டிக்கொள்ள வேறொரு புடவையையும் உடன் எடுத்துச் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஊராரின் அச்சுறுத்தலுக்கு அஞ்சிய தந்தை, 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேற்றினார். முதற் பள்ளியும் சில மாதங்களில் நின்றுபோய்ப் பின்னர்த்தான் மீண்டும் உயிர்பெற்றது.

1852க்குள் பெண்கள் பள்ளிகள் மூன்றாயின. அவ்வாண்டில் மகர், மாங் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறக்கப்பட்டது. அரசினரும் 1852 நவம்பரில் விழா எடுத்துப் பூலேயைப் பாராட்டினர். பேஷ்வாக்கள் காலத்தில் பார்ப்பனப் புலவர்க்கென ஏற்பட்ட தட்சிணை நிதியிலிருந்து இப்பள்ளிகளுக்குச் சிறு உதவி கிடைத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சதாசிவ கோவண்டே, சகாராம் பராஞ்சபே போன்ற பார்ப்பன நண்பர்கள் துணை நின்றனர் என்பதையும் நன்றியோடு கூறவேண்டும். பாத்திமா ஷேக் என்னும் இசுலாமியப் பெண்மணியும் சாவித்திரிபாயுடன் கற்பித்தார். இப்பள்ளியில் பயின்ற முக்தா என்ற மாங் வகுப்புச் சிறுமி தம் மக்கள் படும் துன்பத்தைக் கட்டுரையாக எழுத, அது 1855இல் ஞானோதயம் என்னும் இதழில் அச்சாயிற்று. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு சிறுமியின் கை இவ்வளவு எழுதியது! உழைப்பாளர்க்கென 1855இல் இரவுப் பள்ளி ஒன்றையும் பூலே தம்பதியர் நடத்தினர்.

ஆயினும் நன்கொடையை நம்பிய பள்ளியின் ஆயுள் நன்கொடையின் ஆயுளே. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஐரோப்பியர் கொடுத்துவந்த பணம் சுருங்கிற்று. நிர்வாகத்திலும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்புக்குப் பின் பூலே பள்ளி நிர்வாகத்திலிருந்து விலகினார். அதன்பின் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்தார். 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிட்டார். 1873இல் அடிமைத்தனம் பற்றிய குலாம்கிரி என்னும் நூலை வெளியிட்டதோடு, அவ்வாண்டு செப்டம்பர் 24இல் சத்திய சோதக் சமாஜத்தையும் நிறுவினார். 1876 முதல் சில ஆண்டுகள் புனே நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். பொதுப்பணம் எவரிடமிருந்து வந்து எவருக்குச் செல்கிறது என்பதை அருகிருந்து காணும் வாய்ப்பு அங்கே கிட்டியது.

1882இல் இந்தியாவின் கல்வி நிலையை ஆராய ஹண்டர் தலைமையில் ஆணையம் ஒன்று அமைந்தது. அதன்முன் அக்டோபர் மாதத்தில் பூலே ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் அளித்தார். நம் கருத்தில் அவருடைய எழுத்துகளுள் இதுவே தலையாயது. இதில் ஆவேசம் குறைவு, கணக்கு மிகுதி. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் வியர்வையிலிருந்து வருகிறது. அப்பணமோ மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குச் செல்கிறது என்பது அவர் தொடக்கம். மேலே உள்ளவர்களுக்குக் கற்பித்தால் கல்வி தானே கீழே வடியும் என்ற அக்காலக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. வடிந்ததாக அவர் எங்கும் காணவில்லை.

பன்னிரண்டு வயது வரையிலாவது பொதுமக்களின் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அவர் முன்வைத்த கோரிக்கை. ஆனால், அதைத் தனியொரு சட்ட வாசகமாக அவர் கேட்கவில்லை என்பதையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஏழை உழவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததன் காரணத்தை முதலில் கூறுகின்றார். மாடு மேய்க்கவும் வயலைப் பார்த்துக்கொள்ளவும் அப்பிள்ளைகளின் கைகள் தேவைப்படுகின்றன. ஆதலின் உதவித்தொகையும், அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை பரிசும் கொடுத்துப் பெற்றோரைக் கல்வியின்பால் ஈர்க்கவேண்டும் என்கின்றார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எவரும் இதன் உண்மையை அறிவர். அறுவடைக் காலத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராதோர் குறி நிறைந்திருக்கும் என்பதை நாம் பார்க்காமலே சொல்லலாம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிட்டாள் என்று தாய் வந்து சொல்லும்போது, அவளைக் கடிந்து பயனில்லை. அன்றைய கூலியை யார் கொடுப்பது?

மகர், மாங் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம் நெஞ்சைச் சுடும். மேல்சாதிப் பிள்ளைகளின் அருகே உட்கார விடாமையால் அவர்கள் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டவர்களாகவே இருந்தனர். புனே நகரில் அவர்களுக்கென இருந்த பள்ளி ஒன்றே. அதில் வந்தவர் முப்பது பேருக்கும் குறைவு. சாதி வெறி தடுக்கும் பெரிய ஊர்களிலெல்லாம் அவர்களுக்கெனத் தனிப் பள்ளிகள் வேண்டும் எனக் கேட்டார். தனிப்பள்ளி கேட்டது சரியா என்று இன்று வினவுவோர் உண்டு. உள்ளே உட்கார இடமில்லாத பள்ளிக்குக் கட்டாயம் போ என்றால், வெளியே நின்று வா என்பதே பொருளாகும். அன்றைய நிலையில் அவர் கேட்டதே நடைமுறைக்கு ஒத்தது என்பது நம் முடிபு.

ஆசிரியர் குறித்தும் அவர் கருத்து தெளிவானது. உழவர் முதலிய வகுப்புகளிலிருந்து ஆசிரியர்கள் வரவேண்டும். ஏர்க்காலையோ தச்சுக் கருவியையோ தொடக் கூசாதவராக அவர்கள் இருக்கவேண்டும். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் கலந்து பழகவேண்டும். பயிற்சி பெற்றவர்க்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமலும், பெரிய ஊர்களில் 15, 20 ரூபாயும் ஊதியம் வேண்டும். குறைந்த கூலிக்குத் தரமான ஆசிரியர் கிட்டார் என்பதை அன்றே துணிந்து எழுதினார். பாடத்திட்டத்தில் மோடி, பால்போத் எழுத்துகள், கணக்கு, வரலாறு, புவியியல், இலக்கணம் ஆகியவற்றோடு வேளாண்மையும் உடல்நலமும் இடம்பெறல் வேண்டும். செய்முறைக்குச் சிறு மாதிரிப் பண்ணையும் வேண்டும். ஆண்டுக்கொரு முறை வந்துபோகும் ஆய்வாளரால் பயனில்லை. காலாண்டுக்கு ஒருமுறையேனும் வரவேண்டும், முன்னறிவிப்பின்றியும் வரவேண்டும் என்றும் கூறினார். (முன்னறிவிப்போடு வரும் ஆய்வு நாளில் வருகை எவ்வளவு செழிப்பாக இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.) இறுதியில் பெண்களின் தொடக்கக் கல்விக்கும் தாராளமாக வழி செய்யுமாறு வேண்டினார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். கட்டாயம் என்பது பெற்றோரின் தலைமேல் மட்டும் ஏற்றும் சுமையன்று. பள்ளி, ஆசிரியர், பணம், உட்கார இடம் ஆகியவற்றைத் தருமாறு அரசைக் கட்டுவதும் அதுவே. அந்தப் பொருளில்தான் பூலே கேட்டார்.

ஆணையம் கட்டாயத்தைப் பரிந்துரைக்கவில்லை. தொடக்கக் கல்வியை நகராட்சிகள், உள்ளூர்க் கழகங்களின் பொறுப்பில் விட்டது; அவற்றிடமோ போதிய பணமில்லை. பூலே ஓயவில்லை. 1888இல் கன்னாட் கோமகனுக்குப் புனேயில் அளிக்கப்பட்ட விருந்துக்கு, நகைகளும் பட்டாடைகளும் மின்னிய அவையில், ஏழை உழவனின் உடையில் சென்று அமர்ந்தார். நாட்டு மக்களின் உண்மை நிலை இவ்வுடையே என உணர்த்தி, அவர்களுக்குக் கல்வி தருமாறு அரசியாரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு மே மாதம் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டம் அளித்தனர். சில வாரங்களில் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதித் தம் கடைசி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28இல் மறைந்தார். பிளேக் நோயாளர்க்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் அந்நோய்க்கே இரையாகி 1897இல் காலமானார்.

பூலே கேட்டது துண்டு துண்டாக வந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1906இல் தம் நாடு முழுவதும் கட்டாயக் கல்வியை விரித்தார். கோகலே 1911இல் கொணர்ந்த மசோதா, ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்க்கு, அதுவும் உள்ளூர்க் கழகங்கள் விரும்பும் இடங்களில் மட்டும் என மிக அடக்கமாகக் கேட்டும், 1912 மார்ச்சில் 13க்கு எதிராக 38 வாக்குகளால் வீழ்ந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காது என்று அஞ்சிய நிலக்கிழார்களும் அதனை எதிர்த்தனர். கோலாப்பூரின் சாகு மன்னர் 1917இல் தம் ஆட்சியில் இலவசக் கட்டாயக் கல்வியைச் சட்டமாக்கினார். சென்னை மாகாணத்திலும் 1920ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுத்த பகுதிகளில் கட்டாயத்திற்கு வழி செய்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லோர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலும் என்றது. 1960 வந்தது, போயிற்று. 2002இல் அது அடிப்படை உரிமையாகத் திருத்தப்பட்டு, 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கல்வி என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் பிள்ளைகளின் சேர்க்கை, வருகை, நிறைவு ஆகியவற்றை உறுதிசெய்யும் கடமையை அரசின்மேல் சுமத்துகின்றது.

பூலேயின் விண்ணப்பம் ஆணையத்தின் பம்பாய் மாகாணச் சாட்சியத் தொகுதியில் அச்சாகியுள்ளது. பிற்காலத் தொகுப்புகளிலும் கிடைக்கின்றது. சில பக்கங்களே உடையது, ஆங்கிலமும் எளியது. கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கலாம். படித்தபின் தம் தெருவில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் அன்று பள்ளி சென்றோர் எத்தனை பேர் என எண்ணிக் குறித்து வந்தால், சங்கத்தின் மாலை வகுப்புகளை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்ய அக்கணக்கு உதவும்.