ஆளோலையும் தோழமையும்

தன் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்றே ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். நாளும் கோளும் பார்த்து, பொருளும் துணையும் சேர்த்து, ஒரு மங்கல காரியத்தைத் தொடங்கும் வேளையில் எங்கிருந்தோ ஒரு தடை வந்து குறுக்கே நிற்கிறது. கடிவாளம் வேறு யார் கையிலோ இருக்கிறது என்ற உண்மை அப்பொழுதுதான் நெஞ்சைச் சுடுகிறது. அவ்வாறு வருந்தும் உள்ளங்களுக்குச் சைவ உலகம் காட்டும் பெருந்துணை, நால்வருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருச்சரிதம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம், அப்பெருந்தகையின் வாழ்வையே தொடக்கமாகவும் முடிவாகவும் கொண்டு அமைந்தது. அவ்வாழ்வோ, அடிக்கு அடி தடுக்கப்பட்டும் திருப்பப்பட்டும் நடந்த வாழ்வு.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவர் குலத்தில், சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாராகத் தோன்றிய குழந்தைக்கு நம்பியாரூரர் என்று பெயரிட்டனர். வீதியிலே சிறுதேர் உருட்டி விளையாடிய அக்குழந்தையை நரசிங்கமுனையரையர் என்னும் மன்னர் கண்டார். கண்டதும் உள்ளம் பறிகொடுத்தார். பெற்றோரிடம் வேண்டிப் பெற்றுத் தம் மகனாகவே வளர்த்தார். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர். குழந்தையின் விருப்பத்தை எவரும் கேட்டிலர். நேர்ந்தது நன்மையாகவே இருந்தமையால் அதனை ஒரு குறையாக அவரும் உணர்ந்திலர். மறையவர் ஒழுக்கமும் மன்னர் செல்வமும் ஒருங்கே வாய்க்க, கலைகள் யாவும் கற்று மணப்பருவம் எய்தினார்.

புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் திருமகளாரை அவருக்கு மணம் பேசினர். நாள் குறித்தாயிற்று, பந்தர் எழுந்தது, மங்கல வாத்தியம் முழங்க, மணக்கோலம் பூண்டு குதிரைமேல் வந்த நம்பியாரூரர் பந்தரில் அமர்ந்தார். அந்நேரத்தில், குடையும் தண்டும் தாங்கிய முதிய வேதியர் ஒருவர் அவைமுன் வந்து நின்றார். தமக்கும் மணமகனாருக்கும் ஒரு வழக்கு உண்டு என்றும், அதனை முடித்த பின்னரே மணம் நடத்தல் வேண்டும் என்றும் உரைத்தார். வழக்கு யாது என்று வினவியபோது, இந்நாவலூரன் தம் அடிமை என்று கூறினார்.

அவையினர் திகைத்தனர். நம்பியாரூரரோ நகைத்தார். அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் உலகில் இல்லை என்று எடுத்துக்காட்டி, முதியவரைப் பித்தர் என்று ஏசினார். முதியவர் அசைந்திலர், பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலை இது என்று ஓர் ஓலையைக் காட்டினார். ஆரூரர் சினந்தெழுந்து, ஓடிய முதியவரைத் தொடர்ந்து பற்றி, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். தன் வாழ்வின்மேல் பிறர் ஒருவர் உரிமை பேசக் கேட்கும் எந்த இளைஞருக்கும் எழக்கூடிய சினமே அது. சேக்கிழார் பெருமான் அச்சினத்தை மறைத்திலர்.

கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உள்ளது என்றும் முதியவர் உரைத்தார். மணம் நின்றது; வழக்கு அவ்வூர் அவையை அடைந்தது. வழிவழி வந்த ஆட்சி, எழுதிய ஆவணம், கண்டார் கூறும் சாட்சி ஆகிய மூன்றினுள் ஒன்றேனும் காட்டுக என்று அவையினர் கேட்க, மூலவோலை வெளிவந்தது. தாமும் தம் வழித்தோன்றல்களும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு வழிவழியாகப் பணிசெய்வதாகப் பாட்டனார் எழுதிய ஓலை அது. சாட்சிக் கையெழுத்திட்டோர் அதனைத் தம் எழுத்தென ஒப்புக்கொண்டனர். பாட்டனாரின் எழுத்தை, காப்பிலிருந்த மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டு நோக்கினர், இரண்டும் ஒத்தன. நம்பியாரூரர் தோற்றார், அவையின் தீர்ப்புக்கு அடங்கினார். காலையில் மணமகனாக எழுந்தவர், அடிமையாக முதியவரின் பின்னே நடந்தார்.

உம்முடைய வீடு எங்கே என்று அவையினர் கேட்டனர். முதியவர் வழிகாட்டி முன் நடந்து, திருவருட்டுறை ஆலயத்துள் புகுந்து மறைந்தார். வியந்து நின்ற ஆரூரருக்கு விடைமேல் இறைவன் காட்சி அளித்து, பழைய தொடர்பை உணர்த்தினார். திருக்கயிலையில் அணுக்கத் தொண்டராய் இருந்த சுந்தரர், கமலினி, அனிந்திதை என்னும் சேடியர்மேல் மனம் வைத்ததனால் மண்ணுலகில் பிறக்க நேர்ந்தது. அப்போது, உலக மயக்கில் தாம் அகப்படும் வேளையில் இறைவரே வந்து தடுத்து ஆட்கொள்ளல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவர் மறந்தார், வேண்டுதலை ஏற்றவர் மறந்திலர். தம் விருப்பத்தை முறிக்க வந்த பகை என்று எதனை எண்ணிச் சினந்தாரோ, அது தாமே முன்பு விரும்பிக் கேட்ட வரம் என்பதை அன்று அறிந்தார். ஏசிய சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணிக்க, வசைமொழி திருப்பதிகத்தின் முதற்சொல் ஆயிற்று.

அம்மணப் பந்தரில் அமர்ந்திருந்த மங்கை நல்லாரின் வாழ்வும் அன்று திசைமாறியது. அவ்வம்மையார் நம்பியாரூரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினார் என்று புராணம் கூறும். அவர் பொருட்டும் ஒரு கணம் தலைவணங்குதல் அடியார் கடமை.

பின்னர்த் திருவதிகையை அடைந்தபோது, திருநாவுக்கரசர் கையால் உழவாரப்பணி செய்த தலத்தைக் காலால் மிதிக்க அஞ்சிப் புறத்தே சித்தவட மடத்தில் தங்கினார். அவ்விரவில் முதியவர் ஒருவர் அருகே படுத்து, அவர் தலைமேல் காலை வைத்தார். இடம் மாறிப் படுத்தும் அக்கால் தொடர்ந்தது. யார் என்று வினவியதும் முதியவர் மறைந்தார். தலைமேல் பட்டது திருவடி என்பது அதன் பின்னரே விளங்கியது.

திருவாரூரில் இறைவன் அவருக்குத் தம்மைத் தோழராகவே தந்தருளினார். அன்று தடுக்கப்பட்ட திருமணத்தில் பூண்ட கோலத்தையே என்றும் பூண்டிருக்கவும் ஆணையிட்டார். மணம் போயிற்று, மணக்கோலம் போகவில்லை. இன்றும் திருக்கோயில்களில் அவர் திருவுருவம் அக்கோலத்துடனேயே விளங்குகிறது. ஒருவருக்கும் அடிமையல்லேன் என்று வழக்காடியவர், அதே திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடினார். 60 தனியடியாரையும் 9 தொகையடியாரையும் போற்றி, அவர்கள் அனைவருக்கும் தாம் அடியர் என்று உளமுவந்து சாற்றினார். வழக்கில் தோற்று ஏற்ற அடிமை, அன்பினால் விரும்பி ஏற்ற அடிமையாக மலர்ந்தது.

இத்தனை அருள் பெற்ற பின்னரும் அவர் எண்ணியபடியே எல்லாம் நடந்துவிடவில்லை. பரவையாரை மணந்து ஆரூரில் வாழ்ந்தவர், திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு மணக்க விழைந்தார். பிரியேன் என்று கோயிலில் சூளுரைக்க வேண்டியிருந்தமையால், அவ்வேளையில் இறைவன் சந்நிதி நீங்கி மகிழமரத்தின் கீழ் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று தோழமை உரிமையால் வேண்டினார். இறைவன் இசைந்தார்; இசைந்தவர் சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழ்ச் சூளுரைக்கக் கேள் என்றும் உரைத்தார். தப்பும் வழி அடைபட்டது. நம்பியாரூரர் மகிழை வலம்வந்து சூளுரைத்தார். வசந்தம் வந்தது, ஆரூர் விழா நினைவில் எழுந்தது, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன.

இவ்விடத்தில் சுவாமிகளின் வாழ்வு மிகவும் நெருங்கி வந்து நெஞ்சைத் தொடுகிறது. வழி தெரியாது, பிறர் காட்டக் காட்ட நடந்தார். ஆயினும் வாய் அடைத்து நின்றிலர். பிழை தமதே என்று ஒப்பினார். ஒப்பியும், தோழருக்கு இது தகுமோ என்று பதிகந்தோறும் வாதாடினார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் ஒளி பெற்றது. திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண்ணும் பெற்றார். கேட்டது ஒரே நாளில் கிடைக்கவில்லை. கோலும், ஒரு கண்ணும், மறு கண்ணுமாக, நடந்து நடந்தே பெற வேண்டியதாயிற்று.

அங்கே பரவையார் ஊடிக் கதவடைத்தார். அவ்வூடலைத் தணிக்க ஆரூர் வீதியில் இரவிலே இருமுறை தூது நடந்தவர் இறைவரே. ஓலை காட்டி அடிமை கொண்ட ஆண்டான், அடிமைக்காகத் தூது சென்றார் எனின், கட்டுண்டவர் யார், கட்டியவர் யார் என்று பிரித்துரைத்தல் அரிது.

நிலவுலகில் 18 ஆண்டுகளே வாழ்ந்தார் என்பது சைவ மரபு. சேர நாட்டுத் திருவஞ்சைக்களத்தில், இவ்வாழ்வினின்று தம்மை விடுவிக்குமாறு வேண்டினார், வெள்ளையானை வந்தது, நண்பர் சேரமான் பெருமாள் குதிரைமேல் உடன்வரக் கயிலை சேர்ந்தார். அவர் அருளிய பதிகங்களுள் 100 இன்று ஏழாம் திருமுறையாக விளங்குகின்றன.

ஆடிச் சுவாதி நாளில் அவரது குருபூசை நிகழும் திருக்கோயில்களில், மணக்கோலத்து நம்பியாரூரரைக் கண்டு வணங்கும் அன்பர்கள், தம் வாழ்வில் நின்றுபோன மங்கலங்களையும் கிழித்தெறிய விழைந்த ஓலைகளையும் அத்திருமுன் வைப்பாராக. தடுத்தவரோடு வாதாடலாம்; தோழமை உரிமையால் வேண்டியதைக் கேட்கலாம்; கண் மறைந்த வழியிலும் கோல் ஊன்றி ஆரூர் நோக்கி நடக்கலாம். நம்பியாரூரர் நடந்தது அவ்வழியே. அவர் திருவடி வாழ்க.