நீரஜா பனோட்

சண்டிகரில் 1963 ஆம் ஆண்டு பிறந்த நீரஜா பனோட், பான் அமெரிக்கன் விமானத்தில் பணிப்பெண்களின் தலைவியாக விளங்கினார். 1986 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள், பம்பாயினின்று சென்ற அவ்விமானம் கராச்சியில் நின்றபொழுது, துப்பாக்கி ஏந்திய நால்வர் உட்புகுந்தனர். நீரஜா உடனே விமானிகளை எச்சரித்தார். அவர்கள் தப்பி வெளியேறவே, விமானத்தைக் கடத்துதல் இயலாதாயிற்று.

அமெரிக்கரைத் தேர்ந்தெடுக்கும்பொருட்டு, கடவுச்சீட்டுகளைத் திரட்டுமாறு கொடியோர் பணித்தனர். நீரஜாவும் உடன் பணியாற்றியோரும் அமெரிக்கர்தம் சீட்டுகளை மறைத்துவிட்டனர். ஏறத்தாழ 17 மணி நேரம் கழிந்தது. விளக்குகள் மங்கின, குண்டுகள் பாய்ந்தன. நீரஜா அவசர வாயிலைத் திறந்தார். முதலில் வெளியேறியிருப்பின் அவர் பிழைத்திருக்கலாம். ஆயினும் பிறரை முன்னர் அனுப்பி நின்று, குண்டுபட்டு மாண்டார். அவருக்கு 23 வயது நிரம்ப இரு நாள்களே எஞ்சியிருந்தன. அமைதிக் காலத்து வீரச் செயல்களுக்குரிய தலைசிறந்த விருதாகிய அசோகச் சக்கரத்தை இந்திய அரசு அவருக்கு அளித்துப் போற்றியது.