மனப்பாடம் வராத பையன் மூளையின் ரகசியம் கண்டான்!

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் வராமல் அடி வாங்கினான் ஒரு பையன். மூளையில் நினைவு எப்படிப் பதிகிறது என்பதற்குப் பின்னாளில் அவனே வழி காட்டினான்!

அவன் பெயர் சந்தியாகோ ரமோன் கஹால். 1852-ம் ஆண்டு மே 1-ந் தேதி, ஸ்பெயின் நாட்டில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தான். தகப்பனார் வைத்தியர், கண்டிப்பானவர். மகனும் வைத்தியன் ஆகவேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை.

பீரங்கி செய்தான்

11 வயதில் கஹால் தானே ஒரு பீரங்கி செய்தான். பக்கத்து வீட்டுக் கதவைச் சுட்டு உடைத்தான். சிறையில் அடைத்தார்கள்!

தகப்பனார் அவனை முடி திருத்தும் கடையில் வேலைக்கு விட்டார். செருப்பு தைக்கிறவரிடமும் விட்டார். படம் வரையும் ஆசை மட்டும் போகவில்லை.

1868-ல் தகப்பனாருக்கு ஒரு யோசனை தோன்றியது. மகனை இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே கிடந்த எலும்புகளை வரையச் சொன்னார். பையன் ஆசையோடு வரைந்தான். வரைய வரைய, புத்தகத்தில் ஏறாத பாடம் மனதில் ஏறியது. 1873-ல் அவன் டாக்டர் ஆனான்.

கறுத்த நரம்புகள்

ராணுவ டாக்டராகக் கஹால் கியூபாவுக்குப் போனார். மலேரியா பிடித்து, மெலிந்து திரும்பினார். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்.

1885-ல் வலென்சியாவில் காலரா பரவியது. அப்போது கஹால் செய்த ஆராய்ச்சிக்காக, சரகோசா மாகாணத்தார் அவருக்கு உயர்ந்த மைக்ராஸ்கோப் ஒன்றைப் பரிசளித்தார்கள்.

இத்தாலியைச் சேர்ந்த கோல்கி என்ற விஞ்ஞானி, வெள்ளி உப்பால் நரம்புகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். நரம்புகள் எல்லாம் ஒட்டிப் பின்னிய ஒரே வலை என்பது கோல்கியின் கருத்து.

கஹால் அதே சாயத்தைக் கொண்டு பறவைகளின் மூளையைப் பார்த்தார். பார்த்ததை வரைந்தார். வலை இல்லை! ஒவ்வொரு நரம்பு உயிரணுவும் தனித்தனியாக, மரம்போல் கிளைவிட்டு நின்றது. கிளைகள் நெருங்கி வந்தன, ஒட்டவில்லை. இது நடந்தது 1888-ல்.

அடுத்த ஆண்டு, சொந்தச் செலவில் பெர்லின் நகருக்குப் போனார். ஜெர்மன் அறிஞர்கள் அவருடைய மைக்ராஸ்கோப்பில் பார்த்து வியந்தார்கள்.

பழகினால் வளரும்

1894-ல் லண்டனில் பேசிய கஹால், புதுக் கருத்து ஒன்றைச் சொன்னார். பயிற்சி செய்யச் செய்ய, நரம்புக் கிளைகள் வளர்ந்து புதுத் தொடர்புகள் உண்டாகலாம் என்றார். மூளை, பழக்கத்தால் மாறக்கூடியது என்பதே அதன் பொருள்.

1906-ல் நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்கிக்கும் சேர்த்துக் கிடைத்தது. பரிசு வாங்கிய இடத்திலேயே கோல்கி, கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார்!

1934-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி மாட்ரிட் நகரில் கஹால் காலமானார். 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் மூலம் பார்த்தபோது, நரம்புகளின் சந்திப்பில் நுண்ணிய இடைவெளி தெரிந்தது. கஹால் சொன்னது மெய்யாயிற்று. அடிக்கடி தூண்டினால் அந்தச் சந்திப்பு வலுப்படுகிறது என்பது 1973-ல் முயல்களிடம் செய்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

மாலையில் ஒரு மணி

சந்திப்புகள் வலுப்பட உதவும் புரதம் ஒன்று மூளையில் உண்டு. அதன் பெயர் பி.டி.என்.எப். புரதம் என்பது மணி கோத்த மாலை போன்றது. இந்தப் புரதம் முதலில் உருவாகும்போது, 66-வது மணி பலருக்கு வாலின், சிலருக்கு மெத்தியோனின். இது தாய் தந்தையரிடமிருந்து வருவது.

மெத்தியோனின் உள்ளவர்களுக்கு, நரம்பு வேலை செய்யும்போது இந்தப் புரதம் குறைவாக வெளிவருகிறது என்று 2003-ல் கண்டார்கள். சில ஞாபகசக்திச் சோதனைகளில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். பிறகு செய்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் இதே முடிவு வரவில்லை. ஒரு மணி மாறியதால் ஒருவர் மந்தபுத்தி ஆகிவிடுவதில்லை.

பிறவியில் வருவது கொஞ்சம். பழக்கத்தில் வளர்வது கொஞ்சம். மனப்பாடம் வராத பையனுக்குத் தகப்பனார் வேறு வழியில் பாடம் சொன்னார். அந்தப் பையன் வரைந்த நரம்புப் படங்கள் இன்றும் மருத்துவப் புத்தகங்களில் இருக்கின்றன.