அந்தப்புரத்து எழுத்தாணி

சுசீந்திரத்துப் பழங்கதை அறிந்த நாஞ்சில் நாட்டுத் தோழர்களுக்குத் தேவதாசி என்ற சொல் புதிதல்ல. ஆட வேண்டும், பாட வேண்டும், ஆண்டவன் பெயரால் ஆள்வோர்க்கு அடங்க வேண்டும். அதுதான் அவர்கள் விதி என்றனர் மேலோர்! அந்தக் குலத்தில் பிறந்து எழுத்தாணி ஏந்தினார் ஒருவர். முத்துப்பழனி அவர் பெயர்.

1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னன் பிரதாபசிம்மனின் ஆசைநாயகி அவர். பட்டாடை உண்டு, பட்டத்தரசி என்ற பெயர் இல்லை. ஆனால் புலமை இருந்தது. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தார். ஊடிய ராதையின் சினத்தைக் கண்ணன் தணிப்பதை, 584 பாடல்களில் 'ராதிகா சாந்தவனம்' என வடித்தார். பாட்டி தஞ்சநாயகியின் பெருமையை முகவுரையிலே முழங்கினார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடினார்.

அதே அரசவைகளில் ஆண் புலவர்களும் காமம் பாடினர். பொன்னும் பொருளும் பெற்றனர். அம்மையாருக்குக் கிடைத்தது என்ன? நூறாண்டு கழித்தும் வசைமொழி! விதவை மணத்துக்கு வாதாடிய வீரேசலிங்கமே, ஆபாசம் என்று தூற்றினார்.

1910-இல் அதே குலத்து பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு நூலையும் அச்சேற்றினார். மறு ஆண்டே வெள்ளையராட்சியின் போலீசு பிரதிகளைப் பறித்தது. 1946-இல் பதவியேற்ற பிரகாசம் ஆட்சியில்தான் தடை தகர்ந்தது. 1947-இல் சென்னைச் சட்டம் தேவதாசி முறையையும் ஒழித்தது.

அவர் உடலை உடைமையாக்கிய மன்னனை எவரும் இகழவில்லை. உள்ளத்தைத் திறந்து எழுதியவரைத்தான் இகழ்ந்தனர். எது ஆபாசம், தோழனே? ஏடா? அந்த நீதியா?