முத்துலட்சுமி அம்மையாரும் மானிய நிலமும்

இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது 1931ஆம் ஆண்டில். மறு ஆண்டே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அச்சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண்மணி ஆனார். கடலுக்கு அப்பால் சென்னையிலோ, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒரு தமிழ்ப் பெண் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றுவிட்டார். இடம்பெற்றதோடு நில்லாது, 1927இல் அச்சபையின் உபதலைவராகவும் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பெற்றார். அவரே வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் சபையில் இருந்த காலம் நான்காண்டுகளுக்கு மேற்படாது. அக்குறுகிய காலத்துள் அவர் செய்துமுடித்த காரியமொன்றைப் பற்றியே இங்குப் பெரிதும் பேச விரும்புகின்றேன்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அந்தணர், கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்கும் இசைக்கும் உரிய குலத்தில் தோன்றியவர். இக்குலப் பிறப்பை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வேர் அங்கேதான் உளது. பருவமெய்திய பெண்ணை வீட்டில் அடைத்துவைக்கும் அக்காலத்தில், ஆடவர் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியிற் சேர அவர் விண்ணப்பித்தார். ஊரார் சிலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் புகுந்து, 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914இல் வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் நிபந்தனைகளை ஏற்ற பின்னரே அவர் மணத்துக்கு இசைந்தார் என்பர். கணவரும் சொன்ன சொல் தவறாதவர்.

மேற்கல்வியின் பொருட்டு இலண்டன் சென்றவர், 1926இல் பாரிசு நகரில் நிகழ்ந்த உலக மாதர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் சபைக்கு நியமனம் வந்தபோது, வைத்தியத் தொழிலுக்கு ஊறு நேருமோ என்று முதலில் தயங்கினாராம். தயக்கம் நீங்கியபின் அவர் எடுத்துக்கொண்ட முதற்பெரும் பணி, கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பது.

அவ்வழக்கத்தைத் தீதென்று கூறியோர் அவருக்கு முன்னும் பலர் இருந்தனர். ஆயின் அது ஏன் அழியாது நிற்கின்றது என்பதை அவர் ஆராய்ந்து கண்டார். பண்டை அரசர்கள் கோயிற்பணி செய்யும் பெண்களுக்கு நிலத்தை மானியமாக அளித்திருந்தனர். பணி செய்யும்வரை நிலம். பணி நின்றால் நிலமும் போயிற்று. ஆகவே தாய் முதுமையுற்றதும், மகளையேனும் பேர்த்தியையேனும் பொட்டுக்கட்டி விட்டாலன்றிக் குடும்பத்துக்குச் சோறில்லை. வீடும் வளவும் வயலும் மகளுக்கே சீதனமாகச் செல்லும் மட்டக்களப்புத் தென்கரையில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தாய்வழி வரும் காணி ஒரு பெண்ணுக்கு எத்துணைப் பலம் என்பதை நாம் அறிவோம். அதே தாய்வழிக் காணி அங்கே பெண்ணின் காலில் விலங்காகக் கிடந்தது.

1927 நவம்பரில் அம்மையார் கொண்டுவந்த தீர்மானம் சபையில் நிறைவேறிற்று. தீர்மானத்தோடு அவர் அமைதியடையவில்லை. இந்து அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தமொன்றை வரைந்து கொணர்ந்தார். 1929இல் அது சட்டமாயிற்று. அச்சட்டம் எவரையும் தண்டிக்கவில்லை. மானிய நிலத்தைப் பணி என்னும் நிபந்தனையினின்று விடுவித்து, அதனை அநுபவித்துவந்த பெண்ணுக்கே உரிமையாக்க வழிசெய்தது. அவ்வளவுதான்! இனி மகளைப் பொட்டுக்கட்டாவிடினும் வயல் போகாது. அறிவுரை பலகாலம் கூறியும் அசையாத வழக்கத்தின் அடிக்கல்லை இவ்வொரு திருத்தம் பெயர்த்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. சமயத்துக்கு இழுக்கென்றனர் சிலர். கலை அழியுமென்றனர் வேறு சிலர். அக்குலப் பெண்களுள் ஒரு சாராரே சங்கங்கூடி அரசினருக்கு எதிர் விண்ணப்பம் அனுப்பினர். எல்லோரையும் ஒரே பழியில் அடக்குதல் முறையன்று என்ற அவர்தம் மனக்குறையில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. தமிழிசையையும் ஆடலையும் நூற்றாண்டுகளாகக் காத்தவர்கள் அவர்களே. சீர்திருத்த வேகத்தில் அப்பெருமை போதிய அளவு போற்றப்படவில்லை. ஆயினும் ஏதுமறியாச் சிறுமியின் கழுத்தில் ஏறும் பொட்டுக்கு அப்பெருமை விடையாகாது. சபைக்கு வெளியே ஊரூராய்ச் சென்று இதற்காகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அக்குலத்திலே வளர்ந்தவரே.

பரத்தைமை விடுதிகளை ஒடுக்கும் சட்டம், சிறுவர்க்குத் தனி வைத்தியசாலை, முஸ்லிம் மாணவியர் தங்கிப் படிக்க விடுதி என அவர் முயன்றவை இன்னும் பல.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் அம்மையார் பதவியைத் துறந்தார். அப்போது, பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மசோதா ஒன்று முடிவுறாது கிடந்தது. அவரை நான் மிக மதிப்பினும், இன்னும் சிறிது காலம் பொறுத்திருந்தால் என்ன என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அத்தடைச் சட்டம் வருவதற்கு 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

பொட்டுக்கட்டுதலுக்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியர் சிலருக்குச் சென்னை விடுதிகள் இடம் மறுத்தன. அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே ஏற்றார். அவ்வாறு தோன்றியதே அடையாற்று ஔவை இல்லம். மணவாழ்வை வேண்டாது தமிழோடு நாடெங்கும் நடந்த மூதாட்டியின் பெயரை அச்சிறுமியர் இல்லத்துக்குச் சூட்டியது பொருத்தமே.

அவருடைய தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் இறந்தவர். நோய் இன்னதென்று வைத்தியர் உணர்ந்தபோது காலங்கடந்திருந்தது. அத்துயரை அம்மையார் முப்பதாண்டு நெஞ்சிற் சுமந்தார். மாதர் சங்கத்தின் துணையோடு பொருள் திரட்டி, 1952இல் பிரதமர் நேருவைக் கொண்டு அடையாற்றில் அடிக்கல் நாட்டுவித்தார். 1954இல் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பெற்றது. அறுவை வைத்தியரான அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1968 ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில், அம்மையார் சென்னையிற் காலமானார்.