வெள்ளைச் சேலை சுந்தராம்பாள்

கொல்லிமலையில் ஓரி ஆண்ட காலத்தில் தகடூரை ஆண்டவன் அதியமான். அவனிடம் நெல்லிக்கனி வாங்கிய அவ்வையாராக, 1953-ல் திரையில் தோன்றியவர் கே.பி.சுந்தராம்பாள்.

1908-ல் கொடுமுடியில் பிறந்தார். ஏழைக் குடும்பம். ரெயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி, நாடக மேடையில் புகழடைந்தார். உடன் நடித்த கிட்டப்பாவை மணந்தார்.

1933-ல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார்.

ஜோடி இல்லாமல் சினிமா ஏது? ஆனாலும் பட முதலாளி விடவில்லை. 1935-ல் "நந்தனார்" படத்தில் ஆண் வேடம் போட்டு, நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! ஊரே வாயைப் பிளந்தது.

பிறகு துறவி மணிமேகலை, கிழவி அவ்வை, "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகள். 1980-ல் காலமாகும் வரை அந்த வெள்ளைச் சேலையை அவர் மாற்றவே இல்லை.